ஒரு நாள் வயது

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் விடியுமுன் ஏற்றினோம்
பன்னிரண்டு அட்டைப்பெட்டிகள்.
பின்னிருக்கைகளைக் கழற்றிய இடத்தில் அடுக்கி
சிபோனெலோ வார் இழுத்துக் கட்டினான்.
பெட்டிக்கு நூற்றிரண்டு குஞ்சுகள்.
பில் நூறுக்குத்தான்.
மீதி இரண்டு, வழியில் சாவதற்கென்று
பண்ணையிலேயே சேர்த்து வைப்பது.

ஒற்றை எஞ்சின். என்னைவிட நாலு வயது மூத்தது.
கொக்ஸ்டாட் வரை ஐம்பது நிமிடம்.

இக்ஸோபோ பக்கம் வந்தபோது மூடுபனி
பள்ளங்களில் மட்டும் தேங்கிக் கிடந்தது,
அடியில் கொஞ்சம் பால் விட்டுவைத்த பாத்திரங்கள் மாதிரி.
அழகாகத்தான் இருந்தது.
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முள் இருபத்து மூன்றிலிருந்து இருபத்தொன்றுக்கு
இறங்கியதைப் பார்த்தும்
கைப்பிடியைக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன்,
டீயில் சர்க்கரை குறைந்தால்
இன்னொரு கரண்டி போடுவதுபோல.
பத்தொன்பது.

எஞ்சின் இருமியது என்பார்கள்.
இருமல் இல்லை அது.
இருட்டில், இன்னும் ஒரு படி இருக்கிறதென்று
வைத்த கால்.

கைகள் எனக்கு முன்னால் போய்விட்டன.
மூக்கை இறக்கி, எண்பதில் பிடித்து,
பெட்ரோல் இரண்டு டாங்கிலும், கலவை முழுக்க,
சாவியை இடம், வலம், திரும்ப இரண்டும்.
ஒன்றும் ஆகவில்லை.
கீழே பைன் மரங்கள், கம்பெனி நட்டவை, சீப்புப் பற்களாய்.
அதற்கப்பால் ஒரு பால்பண்ணைப் புல்வெளி.
மாடுகள் இருந்தன. ஓரத்தில் மின்கம்பங்கள்.
மேலிருந்து கம்பி தெரியாது,
கம்பம்தான் தெரியும்.
சரி, அதுவே என் இடம்.
டர்பனைக் கூப்பிட்டேன்.
கத்தரிக்காய் விலை கேட்கிற குரலில் சொன்னேன்
நான் எங்கே விழப்போகிறேன் என்று.

சத்தம் தணிந்தபோதுதான் கேட்டது
முதுகுக்குப் பின்னால்
ஆயிரத்து இருநூற்று இருபத்து நாலு கீச்சு.
பயந்த கீச்சு இல்லை. கதகதப்பாக இருப்பவர்களின் பேச்சு.
குளிரக் கூடாதென்று கிளம்பும்போதே
அவற்றுக்குச் சூடு திறந்துவிட்டிருந்தேன்.
அதே புகைக்குழாய்ச் சூட்டைப் பங்கு கேட்கும்
இன்னொரு கைப்பிடி உண்டு,
கார்புரேட்டரின் தொண்டைக்கு.
அது மூடியே இருந்தது.

இழுத்தேன்.
இன்னும் மோசமானது.
மூக்கிலிருந்து வால்வரை ஒரு உதறல்.
கரைந்த பனியைக் குடித்துத்தான் எஞ்சின் தேறும்,
அதுவரை தொடாதே என்று
சொல்லிக்கொடுத்தது ஒரு வகுப்பறை.
விசிறி ஓடிக்கொண்டிருந்தது அங்கே.
இங்கே ஆயிரத்து எண்ணூறு அடி,
அதுவும் குறைந்துகொண்டு.
வலது கை திரும்பத் தள்ளத் துடித்தது.
அதைத் தொடைக்கடியில் திணித்து
அதன்மேல் உட்கார்ந்தேன்.

எண்ணினேன், சிபோனெலோ பெட்டி எண்ணுவதைப்போல்
ஜூலுவில். குன்யே, குபிலி, குதாது.
பத்துக்குமேல் எனக்கு அந்த மொழி தெரியாது.
மறுபடி ஒன்றிலிருந்து.
இரண்டாவது ஏழில்
பிடித்தது.

ஒரு மாடுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

கொக்ஸ்டாட்டில் நோம்புலெலோ பெட்டிகளைத் திறந்து
செத்தவற்றைக் காலைப் பிடித்துத் தூக்கி
பக்கெட்டில் போட்டாள். ஒன்பது.
நல்லா ஓட்டியிருக்கே என்றாள்.
தாமதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
வானிலை என்று எழுதி
என். மூட்லி என்று கையெழுத்திட்டேன்.
காலையில் தரையில் சோதிக்கும்போது
அந்தக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தேனா?
பட்டியலில் டிக் இருக்கிறது.
என் டிக்தான்.

திரும்பும்போது காலிப் பெட்டிகள்.
இக்ஸோபோவில் பனி விலகியிருந்தது.
புல்வெளியைத் தேடிப் பிடித்தேன்.
மாடுகள் நிழலுக்குப் போயிருந்தன.
கம்பங்கள் ஓரத்தில் ஒரு வரிசை,
நான் இறங்குவதாய் இருந்த இடத்துக்கு நேர் குறுக்கே
இன்னொரு வரிசை.